சேவல் போட்ட கிண்ணம்

பூசை முடிந்ததும் மற்ற காரைக்கால்காரர்கள் மாதாகோயில் வாசலில் நின்று கப்பல் தேதி பேசிக்கொண்டிருப்பார்கள். கஸ்தோன் நிற்பதில்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி நேரே மீன் துறைக்கு நடப்பார். பைக்குள் ஒரு பீங்கான் கிண்ணம். கிண்ணம் நிறைய அதிரசம். மேலே வாழையிலை போட்டு நூலால் கட்டியிருக்கும். கிழக்குக் கடற்கரையிலிருந்து நுவோக் மாம் ஜாடி ஏற்றி வரும் படகுகள் அந்தத் துறையில்தான் கட்டும். சைகோனில் அந்த மீன்சாறு இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அது வந்து இறங்குகிற இடத்தில் நின்று மூச்சை இழுக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம். கஸ்தோன் உச்சி வெயில்வரை நிற்பார்.

படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி. "ஏம்மா, நீங்க சோம் தோங் பக்கமா? லான்னு ஒருத்தி. மீன்காரர் பொண்டாட்டி. சிரிச்சா ஓரத்துல தங்கப்பல்லு தெரியும். பாத்திருக்கீங்களா?" வியத்நாமிய மொழியில்தான் கேட்பார். அதிலும் காரைக்கால் இழுவை இருக்கும்.

தெரியாது என்று தலையாட்டிவிட்டு அவர்கள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைசிப் படகும் காலியான பிறகு இலையைப் பிரித்து, அதிரசங்களைத் துறைக் கூலிகளுக்குப் பங்கு வைப்பார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அடுத்த ஞாயிறு அது மறுபடி நிறைந்து வரும். துறையில் அவருக்குப் பலகார முதலாளி என்றே பேர். புத்தி பிசகிய மனிதர் என்று நினைப்பவர்களும் அங்கே உண்டு. நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் செட்டியார் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். கஸ்தோன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவர் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பும் தோலுமான உடம்பு. கோட்டு மட்டும் பழைய அளவு; உள்ளே இன்னொரு ஆளை உட்கார வைக்கலாம். வாய்க்கு வாய் "மொன் தியே" என்பார், கடவுளே என்று அர்த்தம். பூனை குறுக்கே போனாலும் அதுதான், போர் முடிந்தது என்று சேதி வந்தபோதும் அதுதான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. எவர் வீட்டிலும் வாய் நனைக்க மாட்டார். தைப்பூசத்துக்கு எங்கள் தண்டாயுதபாணி கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிறது. சாதி, மதம் கேட்டு இலை போடுவதில்லை. கடை மரைக்காயர் அப்துல் முத்தலிப்பே வாசலில் வந்து நின்று பானகம் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். இவர் மட்டும் கதவோரம் நின்று, "வயிறு சரியில்ல தம்பி. நீங்க சாப்பிடுங்க" என்பார். எத்தனை வருஷமாக ஐயா ஒரு வயிறு சரியில்லாமல் இருக்கும்? ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "எங்க வீட்டுச் சோத்துல விஷமா வச்சிருக்கோம்?" என்று கேட்டே விட்டேன். அவர் செருப்பைத் தேடினார்.

அன்று மாலை அவர் மனைவி மாதலேன் மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, அவுரைக் கோவிச்சுக்காதீங்க. இந்த மனுஷன் சாப்பிடாத வீடு அந்தக் கடற்கரையில ஒண்ணு கெடையாது. தெரியுமா ஒங்களுக்கு?" என்றார். அப்படித்தான் எனக்குக் கதை தெரிந்தது. மாதலேன் பாதி சொன்னார். மீதியைக் கஸ்தோன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறையிலிருந்து நடந்து வருகையில் சொன்னார்.

போர்க்காலத்தில் கன்னியாஸ்திரிகள் ஒரு மருந்துப் படகு விட்டிருந்தார்கள். கடற்கரைக் குப்பங்களுக்குப் போய் அம்மை குத்தி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காட்டுக் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்து வருகிற படகு. கஸ்தோனுக்கு வைத்தியம் தெரியாது. ஊசி கொதிக்க வைப்பார், பெட்டி தூக்குவார், அலறுகிற பிள்ளைகளை மடியில் பிடித்துக்கொள்வார். சம்பளம் கிடையாது. சுங்கத்தில் லீவு கிடைத்தால் போதும், மனிதர் படகில் இருப்பார்.

"புண்ணியத்துக்குப் போனேன்னு சொன்னா அது பொய்" என்றார் என்னிடம். "அந்தக் கரையை நீங்க பாக்கணும் தம்பி. காப் முனைத் துறையைத் தாண்டுனா அப்புறம் ரோடே கெடையாது. காடு நேரா வந்து கடல்ல கால வைக்குது. கொரங்கு மணல்ல எறங்கி நண்டு பொறுக்குது. படகு உள்ள வர முடியாது. இடுப்பு மட்டும் தண்ணி. ஆம்பளைங்க ஓடி வந்து மருந்துப் பெட்டிய ஒரு தோள்ல, என்னை ஒரு தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாங்க. நான் அப்ப நல்லா கனமா இருப்பேன். என்னாங்குறீங்க! மாப்பிள்ளை ஊர்வலந்தான்."

கரையில் கால் வைத்த உடனே கேட்பது "அன் கோம் சுவா?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊர்க் கேள்விதான். நம் ஊரில் சில பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதும் உண்டு. அங்கே கேட்டால் சோறு வந்துவிடும். கருவாடு, இளங்குருத்து, தேங்காய்த் தண்ணீரில் வெந்த மீன், வாழையிலையில் பொதிந்த பசையரிசி. யார் என்ன சாதி, எந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் ஆளா, காட்டுக்குள் இருப்பவன் ஆளா, ஒரு கேள்வி கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே பாய் விரித்துவிடுவார்கள். கஸ்தோன் கூச்சமில்லாமல் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்களாம்.

புறப்படும்போது கையில் ஏதாவது கொடுத்து விடுவார்கள். கூடையில் முட்டை, சட்டியில் குழம்பு, புட்டியில் தேன். அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் பால்குடியிலேயே ஊட்டின சட்டம். மாதலேன் ஒவ்வொன்றிலும் ஏதாவது போட்டு அனுப்புவார். முறுக்கு, உப்பு, ஊசி நூல், சோப்பு. சோம் தோங்கின் லான் ஒரு கூடை நண்டு கொடுத்தனுப்பியபோது வீட்டில் ஒன்றும் இல்லை. குளிர் நாட்டிலிருக்கும் பேத்திக்கென்று பின்னி வைத்திருந்த சிவப்புக் கம்பளிக் குல்லாவைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டார். அந்த வெயிலில் கம்பளிக் குல்லா! லானின் மகள் ஹுவேவுக்கு நான்கு வயது இருக்கும். போட்டதைக் கழற்ற மாட்டேன் என்று அதோடேயே கடலில் குளித்ததாம். ஊசி குத்த மடியில் உட்கார வைத்தால் அது அழவில்லை. கஸ்தோனின் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்த லான்தான் இந்தக் கிண்ணத்தைக் கொடுத்தாள். முன்னோருக்குப் படைக்கிற நாளில் மட்டும் எடுக்கிற கிண்ணம். வெள்ளைப் பீங்கானில் ஒரு சேவல், கறுப்பு வால், சிவப்புக் கொண்டை. எங்கள் முருகன் கொடியிலிருந்து இறங்கி வந்ததுபோல நிமிர்ந்து நிற்கும். கஸ்தோன் மீனைப் புகழ்ந்து தள்ளியதில் மகிழ்ந்துபோய், "உங்க வீட்டம்மாவுக்குக் கொண்டுபோங்க" என்று அதில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் மாதலேனுக்குக் குடற்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுப்பில் பூனை தூங்கியது. அடுத்த பயணத்துக்குப் படகு கிளம்பியபோது கிண்ணம் பையில் இருந்தது, வெறுமையாக. காப்பில் இறங்கிச் சந்தையில் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று கஸ்தோன் நினைத்திருந்தார். காற்று சாதகமாக இருக்கிறது என்று படகோட்டி காப்பில் நிறுத்தவே இல்லை.

அந்தமுறை சோம் தோங்கில் நிற்க வேண்டிய வேலையும் இல்லை. அங்கே எல்லோருக்கும் அம்மை குத்தியாகிவிட்டது. மிச்சத்தை அவர் வாயாலேயே சொல்கிறேன்.

"கரையை ஒட்டித்தான் போறோம். லான் மணல்ல ஓடி வர்றா. தலைத்துண்டை அவுத்து ஆட்டுறா. புருஷன் தண்ணியில எறங்கி நிக்கிறான். படகுல இருந்த கன்னியாஸ்திரி ஒடெட் அம்மா கேக்குறாங்க, 'கஸ்தோன், நிறுத்தணுமா?'ன்னு. நான் பையைத் தொட்டுப் பாத்தேன். காலிக் கிண்ணம். அதை எடுத்துக்கிட்டுப் போயி, எப்படி தம்பி, மறுபடி அவ சோத்தைத் தின்னுட்டு வர்றது? வெக்கமாப் போச்சு. 'சாப்பிடத்தான் கூப்பிடுதுங்க, மா சேர். திரும்பி வர்றப்ப நிறுத்திக்கலாம்'னுட்டேன். ஆஸ்பத்திரியில கெடந்தவளை நெனச்சுக்கிட்டே கையை மட்டும் ஆட்டுனேன்."

திரும்பி வருகையில் போர்க்கப்பல்கள் கரையோரம் எவரையும் விடவில்லை. படகுகளை எல்லாம் ஆழ்கடல் வழியாக விரட்டின. அதற்குப் பிறகு மருந்துப் படகே நின்றுபோனது. கொஞ்ச நாளில் சோம் தோங் எரிந்தது. யார் கொளுத்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மிஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குப் பதிலே இல்லை.

அதன்பிறகுதான் கஸ்தோனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "சாப்பிடக் கூப்பிடுறவ கையைத்தானே ஆட்டுவா? எப்பவும் கையைத்தான் ஆட்டுவா. அன்னைக்குத் துண்டை ஏன் ஆட்டுனா?" நடுத்தெருவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கொய்னா டப்பா என் மடியில இருந்துச்சு தம்பி. மடியிலயே இருந்துச்சு."

நானும் வாய்க்கு வந்த சமாதானமெல்லாம் சொன்னேன். மீன் நிறையப் பட்டிருக்கும், சந்தோஷத்தில் ஆட்டியிருப்பாள் என்றேன். அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்து. "அப்படியும் இருக்கலாம்" என்றார். என் பேச்சு எனக்கே சப்பென்று இருந்தது.

சோம் தோங் எரிந்த சேதி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் பிறத்தியார் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அன்றிலிருந்துதான் மாதலேனும் சனிக்கிழமை தோறும் அதிரசத்துக்கு மாவு இடிக்கிறார். முணுமுணுத்துக்கொண்டேதான் இடிப்பார். ஒருமுறை உலக்கையை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் மட்டும் படுத்துக் கெடக்காம இருந்திருந்தா, கிண்ணம் காலியாப் போயிருக்குமா? அவுரு எறங்கியிருப்பாருல்ல." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி இடித்தார்.

இப்போது பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் தயவில் வந்தவர்களும் மூட்டை கட்டுகிறார்கள். மகள் மர்சேயிலிருந்து டிக்கெட் அனுப்பிவிட்டாள். கப்பல் சைகோன் துறைக்கு வந்தாயிற்று, வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறது. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டும்போது மாதலேன் கேட்டார்: "அந்தக் கிண்ணத்தைத் துணி சுத்தி உள்ள வச்சுடவா?"

"அது நம்ம கிண்ணம் இல்ல" என்றார் கஸ்தோன்.

போன ஞாயிறு மாதலேன் என்னையும் துணைக்கு அனுப்பினார். "கடைசி ஞாயிறு தம்பி. கூட இருங்க. ஏமாந்து வந்தா வழியில எங்கனாச்சும் உக்காந்துடுவாரு." துறையில் வழக்கம்போல எல்லாத் தலையும் ஆடின. ஜாடி இறக்க வந்த ஒரு கிழவி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தங்கப்பல்லு லானா? அவ எதுக்கு இங்க வர்றா? ஆத்துக்கு அந்தாண்ட, தாவோ தியென்ல இருக்கா. அங்கேயே கருவாடு விக்கிறா" என்றாள். இத்தனை காலமும் இவர் இந்தக் கரையில் நின்று தேடிய ஆள் அந்தக் கரையில் இருந்திருக்கிறாள். ஒரு ஓடத்துத் தூரம். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. கஸ்தோன் "மொன் தியே"கூடச் சொல்லாமல் ஓடத்தில் ஏறிவிட்டார்.

தாவோ தியென் சேற்றுக் காடு. நீர்ப்பனைக்கு நடுவே, கழிகளின்மேல் குடிசைகள். போரில் ஊர் இழந்து வந்தவர்கள் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். லான் வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் அறிந்தவர் கனமான ஆள். கஸ்தோன் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்ததும் அவள் கண் முதலில் சேவல்மேல் போனது. பிறகு முகத்துக்கு வந்தது.

"பாக் கஸ்தோன்!" என்றாள். பாக் என்றால் பெரியப்பா. தங்கப்பல் தெரியச் சிரித்தாள். உடனே அடுத்த வார்த்தை: "அன் கோம் சுவா?"

அவர் இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றார். "ரொம்ப நாளாயிடுச்சு லான்" என்றார். அவள் வாங்கி, இலையை விலக்கி மோந்து பார்த்தாள். சேவலின் வாலை விரலால் தடவினாள். மற்ற கிண்ணமெல்லாம் நெருப்பில் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்றாள். புருஷன் படகோட்டப் போயிருக்கிறான், இருட்டிய பிறகுதான் வருவான் என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

கஸ்தோன் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார். "லான். அன்னைக்குப் படகு போறப்ப தலைத்துண்டை ஆட்டுனியே. எதுக்கு?"

அவள் அடுப்பின் பக்கம் குனிந்திருந்தாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். விறகை உள்ளே தள்ளினாள். இன்னொரு விறகையும் தள்ளினாள். பிறகு திரும்பி, அதே சிரிப்போடு, "சாப்பிடத்தான் கூப்பிட்டேன், பாக். வேற எதுக்கு? அன்னைக்கு மீன் நிறைய" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. நான் தெருவில் சொன்ன அதே பதில். பார்த்தீர்களா அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன்.

லான் அதிரசங்களை ஒரு தட்டில் கொட்டினாள். அதை எங்கள் பக்கம் கொண்டு வரவில்லை. குடிசையின் பின்சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. அதன்மேல் ஊதுவத்திச் சாம்பல் நிறைந்த டப்பா ஒன்று. டப்பாவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த சிறு கம்பளிக் குல்லா. சிவப்பு வெளுத்திருந்தது, ஓரத்தில் தீ பட்டுக் கருகியிருந்தது. லான் தட்டை அதன் முன்னால் வைத்தாள். ஒரு வத்தி ஏற்றி, தலைகுனிந்து ஒரு கணம் நின்றாள்.

பிறகு வந்து சேவல் கிண்ணத்தைக் கழுவினாள். அதில் சோறு போட்டு, மேலே மீனை வைத்து, இரண்டு கையாலும் கஸ்தோனிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க, பாக்."

கஸ்தோன் குல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, உண்மையைச் சொல் என்று அவளைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். என் கண்ணே கரித்தது. அவருக்கு என்ன இருந்திருக்கும்! லான் நீட்டிய கை நீட்டியபடி நின்றாள்.

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். முதல் கவளத்தை விழுங்க வெகுநேரம் ஆனது. தாடை அசைந்துகொண்டே இருந்தது, உள்ளே இறங்கவில்லை. லான் எதிரில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டினாள். இரண்டாவது கவளம் இறங்கியது. பிறகு அவர் முள்ளை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். கண்ணீர் மீசையில் இறங்கி நின்றது, அதைத் துடைக்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு, தலை நிமிராமலே, இன்னும் கொஞ்சம் சோற்றுக்காகக் காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.